கழுத்துப் பக்கத்துக் காந்தம்

எனக்குச் சட்டென்று கோபம் வராது. கிட்டார் பழுது பார்க்கிறவனுக்குப் பொறுமைதான் மூலதனம். தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைத் தங்கமான பையன் என்பார்கள். அதனால் நடந்ததைப் பதறாமல் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், எங்கள் குழுவில் முதல் கிட்டார். நான் இரண்டாவது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்குவார். நான் பின்னால் நின்று ஒத்து ஊதுவேன். ஒருமுறை மேடையில் எல்லாரையும் அறிமுகம் செய்தவர், என் முறை வந்ததும், "இவன் நம்ம வீட்டுப் பையன், கூடமாட ஏதோ வாசிப்பான்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அன்று அவர் நீலச் சட்டை, மேல் பட்டன் போடவில்லை.

அத்தானுக்கு ஒரு குறை. அவர் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு உண்டு. பின்னால் இருந்தது கத்தும். கழுத்துப் பக்கம் இருந்தது முனகும்.

"அங்க மாத்தினா சத்தம் பொசுக்குனு போயிடுதுடா. நல்லா பலமா ஒண்ணு பார்த்து மாட்டு" என்றார்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்றில் செம்புக் கம்பிச் சுற்று அதிகம், காந்தம் சாது. அவருக்கு அதுதான் சரி. மற்றதில் காந்தம் முரடு. அதைத்தான் மாட்டினேன். திருகாணியைத் திருகி, கம்பிகளை உரசாத குறையாக உயர்த்தியும் வைத்தேன். அவ்வளவு கிட்டே வந்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். கிட்டார் கழுத்தின் கடைசியில், அதன் உடம்பை ஒட்டி விரல் வைத்தால் சுருதி நடுங்கும். பின் பிக்கப்புக்கு மாற்றினாலும் விடாது. விரல் வைக்காமல் மீட்டினால் அவ்வளவாகத் தெரியாது. அத்தான் அப்படி மீட்டித்தான் சுருதி சேர்ப்பார். பலமானது கேட்டார், பலமானது கொடுத்தேன்.

அடுத்த கச்சேரியில் அவர் வாசிப்பு பிசிறடித்தது. டிரம்ஸ்காரர் முகத்தைச் சுளித்தார். அத்தான் கிட்டாரைச் சந்தேகப்படவில்லை, மச்சான் கைபட்டதாயிற்றே. காதைச் சந்தேகப்பட்டார். டாக்டர் காதில் கோளாறு இல்லை என்றதும் விரலைச் சந்தேகப்பட்டார்.

"வெந்நீர்ல கைய விட்டுக்கிட்டே உக்காந்திருக்கார்டா. யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறார்" என்று அக்கா போனில் அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே போய் வெந்நீர் மாற்றிக் கொடுத்தேன்.

கடைசியில் அவரே கிட்டாரை என் மடியில் வைத்தார். "இனிமே நீ வாசி மச்சான்." வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வற்புறுத்தினார். கடைக்கு வந்து திருகாணியை இறக்கினேன். சுருதி சுத்தமாக நின்றது.

நேற்று நான் வெளுத்து வாங்கினேன். முன்வரிசையில் அத்தான். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதே கிட்டார்தானே? ஒரு பிசிறு இல்லையே. அப்போ என் கைதான் போயிடுச்சு" என்றவர், அழுதுவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அழுகிற மனிதரிடம் திருகாணியைப் பற்றிப் பேசுவது நாகரிகமா? தோளோடு அணைத்துக்கொண்டு, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் அத்தான்" என்று தேற்றினேன்.

"நீயாவது இருக்கியேடா" என்றார்.

சொந்தம் என்று நான் ஒருவன் பக்கத்தில் இல்லாவிட்டால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது.