வெரிக்குப் பின்னாடி வந்தது

பெயின்டர்: போர்டுல இடமே இல்லீங்க பெரியவரே.

பெரியவர்: நல்லா பாரும்மா. அந்த முதல் வெரியைக் கொஞ்சம் நெருக்கித் தள்ளு.

பெயின்டர்: தள்றதுக்கு அது என்ன பஸ் சீட்டா? பெயின்ட் காஞ்சு போச்சு. இப்பவே ரெண்டு வெரியும் தோள் இடிச்சுக்கிட்டு நிக்குது. ‘வெரி வெரி குட் சலூன்.’ இது போதாதா?

பெரியவர்: எதிர்வரிசை மூலைக்கடையில என்னா போட்டிருக்கான்?

பெயின்டர்: ‘ரியலி வெரி குட் சலூன்.’

பெரியவர்: எழுதினது யாரு?

பெயின்டர்: ...நான்தான்.

பெரியவர்: பாத்தியா.

பெயின்டர்: இந்தத் தெருவுல போர்டு எழுதுறது நான் ஒருத்திதானே. அவரு கூப்பிட்டா அவருக்கு, நீங்க கூப்பிட்டா உங்களுக்கு. பிடிக்காதவன் வந்து உக்காந்தா நீங்க பாதித் தலையோடவா அனுப்பறீங்க?

பெரியவர்: ஏணி மேல நின்னுக்கிட்டு எதிர்ப்பேச்சு பேசாத. கீழ பிடிச்சிருக்கறது நான்.

பெயின்டர்: ஐயோ, ஆட்டாதீங்க!

பெரியவர்: அந்த ரியலினா என்னா?

பெயின்டர்: நெசமாவேன்னு அர்த்தம்.

பெரியவர்: அப்போ அதுக்கு முன்னாடி வெறும் வெரி குட்னு போட்டிருந்தானே, அது பொய்யா?

பெயின்டர்: பொய்னு இல்ல... ஒரு அழுத்தம். ‘ரொம்ப நல்லா இருக்கு’, ‘நெசமாவே ரொம்ப நல்லா இருக்கு’ன்னு நாம சொல்றதில்லையா?

பெரியவர்: நான் சொல்றதில்ல. கத்தி கூருன்னா கூரு, மொட்டைன்னா மொட்டை. ‘நெசமாவே ரொம்பக் கூரு’ன்னு ஒருத்தன் ஒரு கத்தியை என் தலையில கட்டிட்டுப் போனான். தக்காளியைக் கூட வெட்டல.

பெயின்டர்: இப்படிப் பேசறவரு எதுக்கு ரெண்டு வெரி எழுதச் சொன்னீங்க?

பெரியவர்: அவன் ஒண்ணு போட்டான்.

பெயின்டர்: நல்ல கணக்கு! சரி, இன்னொரு வெரி வேணாம். வேற வார்த்தை சொல்றேன், பிடிச்சதை எடுத்துக்குங்க. அப்சல்யூட்லி.

பெரியவர்: வயித்து மருந்தா?

பெயின்டர்: முழுக்க முழுக்கன்னு அர்த்தம்.

பெரியவர்: முழுக்கவா? மொட்டை மட்டும்தான் அடிப்பாங்க போலன்னு ஓடிருவான். அடுத்தது?

பெயின்டர்: டூ. சின்ன வார்த்தை, இடுக்குல நுழைச்சிரலாம். டூ குட்.

பெரியவர்: அது எப்படி?

பெயின்டர்: தேவைக்கு மேலயே நல்லா இருக்கும்னு...

பெரியவர்: தேவைக்கு மேல வெட்டினா காதும் சேர்ந்துதான் வரும். அடுத்தது சொல்லு.

பெயின்டர்: டெரிப்ளி. டெரிப்ளி குட்னா பயங்கர நல்லா...

பெரியவர்: கழுத்துல கத்தி வைக்கிற கடையில பயங்கரம்னு எழுதுவியாம்மா நீ?

பெயின்டர்: சிரிக்க வைக்காதீங்க, பிரஷ் கோணுது... ம், ப்ரிட்டின்னு ஒண்ணு இருக்கு. ப்ரிட்டி குட்.

பெரியவர்: ப்ரிட்டினா அழகு. என் பொண்ணு சொல்லியிருக்கா. இதுதான் நம்ம தொழிலுக்கு ஏத்தது. போடு.

பெயின்டர்: அதுல ஒரு சின்னச் சிக்கல். குட்டுக்கு முன்னாடி வந்தா அது அழகு இல்ல. ‘பரவாயில்ல, ஓரளவு நல்லா இருக்கும்’னு ஆயிரும்.

பெரியவர்: இதை நீ சொல்லாமலே எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?

பெயின்டர்: அதான் சொல்லிட்டேனே.

பெரியவர்: மூலைக்கடைக்காரன் கிட்டயும் சொன்னியா?

பெயின்டர்: சொன்னேன். ‘அப்படியா, அதை மாமாவுக்கு எழுதி வை’ன்னாரு.

பெரியவர்: திருட்டுப் பய!

பெயின்டர்: ஆமா, அவரு எதுக்கு உங்களை மாமாங்கறாரு? அவரு உங்களுக்கு என்ன வேணும்?

பெரியவர்: ஒண்ணும் வேணாம். பொண்டாட்டியோட தம்பி.

பெயின்டர்: மச்சானா! இத்தனை நாளா ரெண்டு பேருக்கும் போர்டு எழுதறேன், ஒருத்தரும் வாயைத் தொறக்கலயே.

பெரியவர்: தொறந்து என்னா ஆகப்போவுது? என் கடையில, இதோ இந்த நாற்காலிக்குப் பின்னாடி நின்னு தொழில் பழகினவன். ஒரு நாள் டை கட்டின ஆளு ஒருத்தரு வந்தாரு. வாயத் தொறந்தா இங்கிலீஷ். இவன்தான் வெட்டினான். நான் பின்னாடி துண்டு அலசிக்கிட்டு இருந்தேன். போறப்போ வாசல்ல நின்னு வெரின்னு ஏதோ சொல்லிட்டுப் போனாரு.

பெயின்டர்: வெரி குட்.

பெரியவர்: அப்படித்தான் இவன் உள்ள வந்து குதிச்சான். ‘மாமா, எனக்கு வெரி குட் சொல்லிட்டாரு. உங்களுக்கு இதுவரைக்கும் எவனாவது வெரி போட்டிருக்கானா? உங்களுக்கெல்லாம் வெறும் குட்தான்.’

பெயின்டர்: வாய் ஜாஸ்திதான்.

பெரியவர்: அதோட விட்டானா? வீட்டுல தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு அக்கா கிட்ட வெரி. பக்கத்து வீட்டுல வெரி. அவளும் ‘என் தம்பிக்கு வெரியாம்’னு என்னைப் பாத்துக்கிட்டே சோறு போடறா. ஒரு நாள் சொல்லிட்டேன், ‘உன் வெரியை எடுத்துக்கிட்டுக் கெளம்பு’ன்னு. கெளம்பி எங்க போனான்? நேரா மூலைக்குப் போயி அதையே போர்டுல ஏத்திட்டான்.

பெயின்டர்: ஒரு வெரிக்காகவா பெரியவரே!

பெரியவர்: உனக்கென்னா, ஏணி மேல நின்னு பேசுவே.

பெயின்டர்: மேல நின்னாத்தான் தெரியுது... கோவிச்சுக்காதீங்க, உங்க தலையில காக்கா வந்து குடித்தனமே பண்ணலாம். அவரு தலையும் இதே லட்சணம். தெருவுல ரெண்டு சலூன், ரெண்டு காடு. இதுல போர்டுல வெரி வேற.

பெரியவர்: பின்மண்டையை நானே வெட்டிக்க முடியுமா? எப்பவும் அவன் எனக்கு வெட்டுவான், நான் அவனுக்கு வெட்டுவேன்.

பெயின்டர்: வேற கடைக்குப் போறதுதானே?

பெரியவர்: போனேனே, பஸ் ஸ்டாண்டு கடைக்கு. ‘உக்காருங்க, ஸோ நைஸா வெட்டறேன்’னான். ஸோன்னா என்னான்னேன். ‘அவ்வளவு’ன்னான். எவ்வளவுன்னேன். முழிச்சான். போர்வையை உதறிட்டு எழுந்து வந்துட்டேன்.

பெயின்டர்: நாளைக்கு உங்க பொண்ணுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். போட்டோ எடுப்பாங்க. இந்தக் காட்டோடவா போய் நிக்கப் போறீங்க?

பெரியவர்: தலை கெடக்குது. சாட்சிக் கையெழுத்தைத் தாய்மாமன்தான் போடணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவன் வரலன்னா அவளும் கையெழுத்துப் போடமாட்டாளாம். அழுதுக்கிட்டு இருக்கா.

பெயின்டர்: அவங்க அம்மா போய்க் கூப்பிடக் கூடாதா? சொந்தத் தம்பிதானே?

பெரியவர்: கூப்பிட்டா. ‘மாமா கூப்பிடட்டும்’னு அனுப்பிட்டான்.

பெயின்டர்: அப்போ நீங்க போய்...

பெரியவர்: அவன் வாசப்படியையா? நானா?

பெயின்டர்: சரி சரி, ஏணியை விட்றாதீங்க. என்ன எழுதணும்னு சொல்லுங்க, வெயில் ஏறுது.

பெரியவர்: ...எதிர்வரிசைங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னா?

பெயின்டர்: ஆப்போசிட்.

பெரியவர்: அதை எழுது.

பெயின்டர்: எங்க?

பெரியவர்: கடைசியில. சலூனுக்கு அப்புறம்.

பெயின்டர்: அப்படி எழுதினா... இருங்க, ‘வெரி வெரி குட் சலூன், எதிர்வரிசை’ன்னு ஆயிருமே!

பெரியவர்: அர்த்தம் கேட்டேனா நான்? எழுதுன்னேன்.

பெயின்டர்: ...அங்க கத்தரிக்கோல் படம் இருக்கே.

பெரியவர்: அழிச்சிட்டுக் கீழ வரை. திருப்பி வரை.

பெயின்டர்: எப்படித் திருப்பி? முனை மூலைக்கடையைப் பாக்கற மாதிரியா?

பெரியவர்: முனையை நீட்டினா குத்த வர்றேன்னு நெனைப்பான். ஒருத்தன் கையில கத்தரியைக் குடுக்கறப்போ எப்படிக் குடுப்பே? பிடி அவன் பக்கம்.

பெயின்டர்: ...பெரியவரே.

பெரியவர்: என்னா?

பெயின்டர்: ஒண்ணுமில்ல. பெருசா வரையட்டுமா?

பெரியவர்: அளவா வரை. பெருசாப் போட்டா நான் கெஞ்சற மாதிரி இருக்கும்.

பெயின்டர்: ம்... பிடி ஆச்சு. ஆப்போசிட்டும் ஆச்சு. ஐயையோ, அங்க பாருங்க, கதவைக் கூட சாத்தாம வர்றாரு உங்க மச்சான்!

பெரியவர்: வரட்டும். நீ அந்தப் பக்கம் பாக்காத.

மச்சான்: யாரைக் கேட்டுக் கத்தரியைத் திருப்பறீங்க?

பெரியவர்: பெயின்டரம்மா, தெருவுல போறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்காத.

மச்சான்: உங்களைத்தான் மாமா. பிடி எதுக்கு என் கடைப் பக்கம் இருக்கு? புதுசா என்ன எழுதியிருக்கு? அந்த ப்ரிட்டியா?

பெயின்டர்: படிச்சுக் காட்டட்டுமா பெரியவரே?

பெரியவர்: உன் இஷ்டம்.

பெயின்டர்: ‘வெரி வெரி குட் சலூன், எதிர்வரிசை.’

மச்சான்: ...எதிர்வரிசையில எந்தக் கடை?

பெரியவர்: உன் கண்ணுக்கு எத்தனை சலூன் தெரியுது அங்க?

மச்சான்: மாமா...

பெரியவர்: நாளைக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ். கையெழுத்தைக் கோழி கிண்டின மாதிரி போடாம ஒழுங்காப் போடு. இதோ, ஏணியை விட்டுட்டு நாற்காலியில உக்காந்துட்டேன், வந்து இந்தத் தலையைப் பாரு. முடிச்சதும் உன் தலையை நான் பாக்கறேன்.

மச்சான்: அப்போ ஒத்துக்கிட்டீங்க! பெயின்டரம்மா, நீங்கதான் சாட்சி. அன்னிக்கு அந்த டைக்காரரு சொன்ன வெரி எனக்குத்தான்!

பெரியவர்: எவன்டா இல்லன்னான்? வெரி உனக்குத்தான். அதுக்குப் பின்னாடி வந்ததும் உனக்குத்தான்.

மச்சான்: பின்னாடியா... குட்தானே வந்துச்சு?

பெரியவர்: துண்டு அலசற சத்தத்துல எனக்கு வெரி மட்டும்தான் காதுல விழுந்துச்சு. மறுநாள் அதே ஆளு வந்தாரு.

மச்சான்: ...எங்க?

பெரியவர்: இதோ, நான் உக்காந்திருக்கற இந்த நாற்காலிக்கு. தொப்பி போட்டுக்கிட்டு. நீ கத்தி சாணை பிடிக்கப் போயிருந்தே. தொப்பியைக் கழட்டி ரெண்டு காதுக்கு மேலயும் தொட்டுத் தொட்டுக் காமிச்சு, ‘வெரி பேட், வெரி பேட்’னாரு. ஒரு பக்கம் ஏத்தம், ஒரு பக்கம் எறக்கம்.

பெயின்டர்: ஐயோ, யாராவது ஏணியைப் பிடிங்களேன், எனக்குச் சிரிப்பு தாங்கல!

மச்சான்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே... ஏன் மாமா அன்னிக்கே என்னைக் கேக்கல?

பெரியவர்: நீயா எறங்கி வருவேன்னு பாத்தேன். நீ ரியலி போட்டே.

மச்சான்: ...இது அக்காவுக்குத் தெரியுமா?

பெரியவர்: இதுவரைக்கும் தெரியாது. துண்டைப் போடு. ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சுன்னா, தெரியாமலே போயிரும்.