குளிர்ல பிரஷர் இறங்கிரும்

தைப்பிங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ். வெளியே மழை. எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும், நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு முப்பது வயதுக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் என்பது ஏறியவுடன் பேசிய பேச்சிலேயே தெரிந்தது. ஏர்கோன் குளிர் தாங்கவில்லை என்று அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்தினார். அப்போதுதான் பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

“குளிர்ல பிரஷர் இறங்கிரும்க்கா. அதான் ஹீட்டர் கம்பளி சுத்தி வச்சிருக்கேன்.”

“அம்மாவுக்கா?”

“அம்மா போயி ரெண்டு வருஷமாச்சுக்கா. இது நைட்ரஸ் பாட்டிலுக்கு. என் காடிய டிராக் ரேஸுக்கு மாத்தியிருக்கேன். வேகம் கூட்ட இன்ஜினுக்குக் குடுக்கிற காஸ் அது.”

அக்கா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“வெடிச்சிராதா தம்பி?”

“வெடிக்காது லா. பிரஷர் கூடுனா காஸ் காடிக்கு வெளிய போக குழாய் விட்டிருக்கேன். பெட்ரோல் கொறஞ்சா காஸ் தானா நின்னுரும். உருண்டாலும் நசுங்காம உள்ள கம்பிக்கூண்டு இருக்கு. அவசரப்படாம, ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து நானே செஞ்சது.”

“பாட்டில எங்க வச்சிருக்க?”

“பக்கத்து சீட்டக் கழட்டிட்டு அங்க மாட்டியிருக்கேன்.”

“நாளைக்கு ஒருத்தி வந்தா எங்க உக்காருவா?”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“சீட்டு வீட்டு ஹால்லதான் இருக்குக்கா. போல்ட்டெல்லாம் துரு புடிக்காம எண்ண போட்டு வச்சிருக்கேன்.”