மீட்டர் அக்காவின் வீட்டு எண்

வண்டி நிறுத்தக் காசு விழுங்கிய மீட்டர்க் கம்பங்கள் கைப்பேசி கேட்கும் கம்பங்களாக மாறிய நாளில், கலங்கி நின்ற கடைத்தெருவுக்குக் கனிவோடு சேதி சொன்ன மக்கள் தொடர்பு அலுவலரே! முப்பத்தோராண்டுப் பணியை முடித்து முறுவலோடு விடைபெறும் எங்கள் மீட்டர் அக்கா அவர்களே! மாநகராட்சிச் செய்திப் பிரிவின் மனமார்ந்த வணக்கம்!

'வாகன நிறுத்தக் கட்டண அறவீட்டு முறைமை மாற்றியமைக்கப்படுகிறது' என்று நாங்கள் எழுதித் தந்ததை நேரே தெருவுக்குக் கொண்டு போனீர்கள். வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த பல் மருத்துவரிடம் படிக்கக் கொடுத்தீர்கள். "எல்லாம் சரிங்க, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றார் அவர். திரும்பி வந்தீர்கள், எங்கள் தமிழ் முழுவதையும் அடித்துவிட்டு இப்படி எழுதினீர்கள். 'வண்டி எண்ணைத் தட்டுங்கள். நேரத்தைச் சொல்லுங்கள். பணம் கட்டிவிட்டுப் போய் வாருங்கள்.' எங்களுக்கு முகம் சுண்டியது, ஊருக்கு விளங்கியது!

அந்த அறிவிப்பின் கடைசி வரியை மறக்க முடியுமா? உதவி எண் கைக்கு வருமுன், இடம் போதுமா என்று பார்க்க, வழக்கம்போல் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை இட்டு வைத்தீர்கள். அச்சுக்குப் போகுமுன் நாங்கள் ஏழு பேர் கையெழுத்திட்டோம். எழுத்துப்பிழை தேடினோம், எண்ணை எவரும் பார்க்கவில்லை! நானூறு கம்பங்களிலும் உங்கள் வீட்டு எண் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததும் அத்தான் தொலைபேசியை எடுத்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருக்குப் பதற்றம் ஏது! "மீட்டர் வீடுதான், சொல்லுங்க. முதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாராம். ஆணையர் எண்ணை மறைக்கச் சொன்னபோது நீங்கள் மறுத்தீர்கள். "கோவமாக் கூப்பிடுறவங்க, ஆள் பேசினா பாதியிலேயே சிரிச்சிடறாங்க சார். உதவி எண்ணுல ஆள் உட்கார்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றீர்கள். மூன்று வாரம் உங்கள் வீட்டில் சோறு ஆறியது. நகரின் கோபமும் ஆறியது. தப்பு எங்களுடையது, தாங்கியவர் நீங்கள். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இன்று உங்களை வாட்டும் கவலையும் அறிவோம். இதுவரை நீங்கள் எடுத்துப் பேசிய உதவி எண்ணில், நீங்கள் போனதும் பதிவுசெய்த குரல்தான் பேசும் என்று உத்தரவு வந்தது. "எனக்கு மாலை வேணாம்ப்பா, அந்த போன எடுக்க ஒரு ஆள் வேணும்" என்று போன வாரம் கண் கலங்கினீர்கள். அக்கா, மாலையை நீங்கள் மறுக்க முடியாது. ஆனால் அந்த உத்தரவை ஆணையர் இன்று காலை திரும்பப் பெற்றார்! நாங்கள் ஏழு பேரும் முறை வைத்துத் தொலைபேசி எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உடல்நலம் ஓங்க, உள்ளம் மகிழ, அத்தானோடு ஆண்டு பல அமைதியாய் வாழ்க! இனி உங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தால், நலம் கேட்க அழைக்கும் நாங்களாகத்தான் இருக்கும். சோற்றை ஆறவிடாமல் சாப்பிட்டுவிட்டே எடுங்கள்.

இம்முறை கடைசி வரிவரை படித்துப் பார்த்துக் கையொப்பமிடும்,
அதே ஏழு பேர்.