துணி சுற்றிய முறுக்கும் திருகு போட்ட கனெக்டரும்

மேசை மணியின் மேல் ஒரு விரலை வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் தையல் தொழிலாளர் சங்கத் தலைவி அவர்களே, சங்கம் தொடங்கிய காலம் முதல் முன்வரிசை நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெரியவர்களே, காலையிலிருந்து மிஷின் மிதித்த கால்களை இப்போதுதான் கொஞ்சம் நீட்டி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மனைவியரை அழைத்துப்போக வந்து, கதவோரம் நின்று, இந்த அம்மா எப்போது முடிப்பாள் என்று கொட்டாவி விடும் கணவன்மார்களே, அழைப்பை மதித்து வந்து மேடையின் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் எங்கள் தையல்கூடத்து முதலாளி அவர்களே, உங்கள் எல்லாருக்கும் இந்தக் காலர் தைக்கிறவளின் கைகூப்பிய, களிப்பு நிறைந்த, கம்பீரமான வணக்கம்.

"எதைப் பத்திப் பேசப் போற?" என்று தலைவி போன வாரம் கேட்டார். "கனெக்டரைப் பத்தி" என்றேன். "அதுல பேசறதுக்கு என்ன இருக்கு? கூலி உயர்வைப் பத்திப் பேசேன்" என்றார். கூலியைப் பற்றிப் பேச இந்த மேடையில் வரிசையாக ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆளில்லை.

இதோ பாருங்கள், என் இரண்டு விரல்களுக்கு நடுவில். தெரிகிறதா? தெரியவில்லையா? தெரியாதுதான். கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. வெளியே வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே ஒரு பித்தளைக் குழாய். மேலே இரண்டு திருகு. ஒரு வயரின் முனையை இந்தப் பக்கம் நுழைக்க வேண்டும், இன்னொரு வயரின் முனையை அந்தப் பக்கம் நுழைக்க வேண்டும், இரண்டு திருகையும் முடுக்க வேண்டும். முடிந்தது வேலை. இதற்கு மூளை கிடையாது, மோட்டார் கிடையாது, படித்துப் பட்டம் வாங்கியது கிடையாது. பிடித்தால் விடாது. அந்த ஒன்றுதான் இதற்குத் தெரியும்.

மதில் தகர்த்த யானையைப் பற்றி மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள். மகுடம் பறித்த வாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மன்னர்களை மண்டியிட வைத்த படைகளைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் மானத்தை மீட்டுத் தந்த பித்தளைத் துண்டைப் பற்றி யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? இன்று கேளுங்கள்.

யார் அந்தப் பெண்? என் நாத்தனார். ஏன் சிரிக்கிறீர்கள்? ஆமாம், நாத்தனாருக்காக மேடை ஏறிய அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இன்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணவரின் தங்கை. எங்கள் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளைத் தன் ஒற்றைச் சம்பளத்தில் வளர்க்கிறவள். நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஒத்துப்போனது என்று சொல்ல ஒரு விஷயத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எரிகிற எதைப் பார்த்தாலும் அணைத்துவிடுவாள். நான் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைப்பாள். "ஏண்டி, ஆள் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றால், "சும்மாதானே உக்காந்திருக்கீங்க அண்ணி, அதுக்கு எதுக்கு வெளிச்சம்?" என்பாள். உறவினர் வீட்டுக்குக் கிளம்பிப் பேருந்தில் ஏறிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று இறங்கி ஓடியவள். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்துதான் இருந்தது. எங்களுக்குத்தான் பேருந்து போய்விட்டது.

அப்படிப்பட்டவளைத்தான் அய்யா, அப்படிப்பட்டவளைத்தான் அம்மா, இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போய்க் கூடத்துக்கே தீ வைத்தவள் என்றார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு மணி அடித்து, நாங்கள் எல்லாரும் பின்முற்றத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். தொட்டி நிரம்ப மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து புகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் இஸ்திரி மேசைப் பக்கம் எரிகிறது. தண்ணீர் ஊற்றி, மணல் கொட்டி, எப்படியோ அணைத்தோம். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் மடித்து அடுக்கியிருந்த சட்டைகள் போயின, சுவர் கரியானது. முதலாளி வந்து நின்றார். கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, என் நாத்தனாரைப் பார்த்து, "ஒரு சுவிட்ச அணைக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு வேலை? கிளம்பு" என்றார். அவள் "நான் அணைச்சேங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். காதில் வாங்க ஆளில்லை.

வேலை போனால் வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். நம் தெருவில் எத்தனை தையல்கூடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? அவள் ஒவ்வொரு கதவாகப் போனாள். ஒவ்வொரு கதவுக்கும் செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. தீ வைத்தவளை யார் துணிமூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள்?

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு நாள் சாயங்காலம், காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்: "அண்ணி, நான் அணைச்சேன்ல?"

புரிகிறதா தாய்மார்களே? ஊர் சொன்னதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். "நீ அணைச்சே. நான் உக்காந்திருக்கும்போதே என் தலைக்கு மேல விளக்கை அணைக்கறவ, அதை மட்டும் விட்டுட்டா போயிருப்பே?" என்றேன். என் வாழ்க்கையில் அவளுக்கு நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை கூடத்துக்குள் போனதும் நேராக எரிந்த இடத்துக்குப் போனேன். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அந்த மூலையை யாரும் தொட்டிருக்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்தேன். நீங்கள் எல்லாரும் இஸ்திரி போடுகிறவர்கள், நீங்களே சொல்லுங்கள். சூடான பெட்டியை மறந்து விட்டுப் போனால் துணியில் முதலில் விழுவது என்ன? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். ஆமாம், பெட்டியின் அச்சு. அந்த விரிப்பில் அச்சு இருந்ததா? இல்லை. பெட்டி தன் கட்டையின் மேல் நிமிர்ந்து நின்றிருந்தது. மேசையின் நடுவில் விரிப்பு பழுப்பாகக்கூட இல்லை. கரியெல்லாம் சுவரோரம், அதுவும் மேலே, வயர் போகிற இடத்தில்.

முதலாளியை அழைத்து வந்து காட்டினேன். "அப்ப தீ வானத்துலேர்ந்து விழுந்துச்சா?" என்றார். "வானத்துலேர்ந்து இல்லீங்க, இந்த வயர்லேர்ந்து" என்றேன். "நீ தைக்கற வேலையைப் பாரும்மா" என்றார். பார்த்தோம். எப்படிப் பார்த்தோம் தெரியுமா? நான் மிஷினை நிறுத்தினேன். என் பக்கத்தில் சட்டைக் கை தைக்கிறவள் நிறுத்தினாள். எதிரே பொத்தான் கட்டுகிறவள் நிறுத்தினாள். வரிசை வரிசையாக, வாய் திறக்காமல், வம்பு வளர்க்காமல், வசவு ஒன்றும் இல்லாமல் நிறுத்தினோம். அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதேயில்லை. "சரி, என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார் முதலாளி. "வயர்மேனைக் கூப்பிடுங்க, அது போதும்" என்றோம்.

வந்தார் வயர்மேன். அதோ, வலப்பக்க ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். ஏணி போட்டு ஏறினார், பார்த்தார், "ம்" என்றார். அந்த வயர் இஸ்திரிப்பெட்டிக்குப் போகிற வயரே இல்லை. மெயினிலிருந்து கிளம்பி, மேசைக்கு மேலே சுவரோரமாகப் போய், பின்முற்றத்து மோட்டாருக்குப் போகிற வயர். மோட்டாரை ஒரு காலத்தில் தள்ளி வைத்தார்கள். வயர் நீளம் போதவில்லை. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். ஒன்று இஸ்திரி மேசைக்கு மேலே, எரிந்துபோனது. இன்னொன்று பின்கதவுக்கு மேலே, அப்படியே இருந்தது.

எப்படி ஒட்டினார்கள்? இங்கேதான் நாம் எல்லாரும் கொஞ்சம் தலையைக் குனிய வேண்டும். முனைகளை விரலால் முறுக்கி, மேலே வெட்டுத்துண்டுத் துணியைச் சுற்றி, அது அவிழாமல் இருக்க ஊசியால் தையலும் போட்டிருந்தார்கள். டேப் கூட இல்லை. என்ன அழகான தையல் தெரியுமா? வரிசை பிசகாத தையல். உலகத்தில் வேறு எந்தத் தொழிலாளியாவது மின்சார வயரைத் தைப்பானா? நாம் தைப்போம். எது பிரிந்தாலும் துணி சுற்றித் தைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது நம் எல்லாருடைய நினைப்பு. யார் தைத்தது என்று கேட்டால் கை காட்ட ஆளில்லை, அது கூடத்து வழக்கம்.

வயர்மேன் எரிந்த பகுதியை வெட்டி எறிந்தார். புது வயர் வைத்தார். முனைகளை இதோ இந்தக் கனெக்டரில் நுழைத்து முடுக்கினார். பின்கதவு ஒட்டை மட்டும் தொடவில்லை. "மோட்டாரைப் போடுங்க" என்றார். அவர் அன்று பேசிய மிக நீளமான வசனம் அதுதான்.

என் நாத்தனாரை வீட்டிலிருந்து வரவழைத்தேன். கூடத்தின் நடுவில், எல்லாரும் பார்க்க நின்றாள். இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் நாத்தனார் பிளக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தோற்றால் பரவாயில்லை, அவள் இனி தன் கையையே நம்ப மாட்டாளே.

அப்போது அந்தத் துணி நிறம் மாறியது. வெள்ளை மஞ்சளானது. மஞ்சள் பழுப்பானது. கருகல் வாசனை வந்தது. பிறகு தையல் இடுக்கிலிருந்து, நூல் போல, புகை. வயர்மேன் பாய்ந்து மெயினை இறக்கினார். எல்லாரும் அவள் கையைப் பார்த்தோம். பிளக் அவள் கையில்தான் இருந்தது.

அதே வயர். அதே மின்சாரம். அதே மோட்டார். துணி சுற்றிய இடத்தில் தீ, திருகு முடுக்கிய இடத்தில்? முதலாளியே ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கு" என்றார். ஏன் இருக்காது? ஒட்டியும் ஒட்டாமலும் தொட்டுக்கொண்டிருந்தால் சூடேறும். இறுக்கிப் பிடித்தால் ஏறாது. சூட்சுமம் அவ்வளவே. இன்று எங்கள் கூடத்தில் துணி சுற்றிய ஒட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு முனையிலும் ஒரு கனெக்டர். அன்று மிஷினை நிறுத்திய கைகள் வென்றெடுத்த வெற்றி அது. கைதட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள், அது உங்களுக்கு நீங்களே தட்டிக்கொள்வது.

வெற்றிதான். ஆனால் முழு வெற்றியா? தலைவி அவர்களே, மணியை அடித்துவிடாதீர்கள், விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

முதலாளி என் நாத்தனாரைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். "நடந்தது நடந்துபோச்சு, நாளைலேர்ந்து வேலைக்கு வாம்மா" என்றார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? எதிர்த்துப் பேசத் தெரியாத அந்தப் பெண் சொன்னாள்: "வரேங்க. ஆனா நீங்க என்னைத் திட்டினது இந்த ரூம்ல இல்லீங்களே."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றுவரை வேலைக்குப் போகவில்லை. "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன்" என்று அவள் அண்ணன் சொன்னார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எல்லார் முன்னாலும் எரிந்த பெயருக்கு மூடிய அறையில் மருந்து போட்டால் ஆறுமா? பத்துப் பேர் பார்க்கப் பறித்த மானத்தை யாரும் பார்க்காமல் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா?

முதலாளி அவர்களே, நீங்கள் கெட்டவர் இல்லை. ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தவர் நீங்கள். பார்த்ததை மறைக்காதவர் நீங்கள். இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறீர்கள், மாலைக்காக வந்தவராக எனக்குத் தெரியவில்லை. இந்தத் தெருவின் எல்லாக் கூடங்களும் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. அதோ, தூணுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவளும் இருக்கிறாள். மைக் இங்கே இருக்கிறது. நான் தள்ளி நிற்கிறேன்.

எழுந்துவிட்டார். வாருங்கள் அய்யா. கைதட்டாதீர்கள், அவர் பேசட்டும்.

கேட்டீர்களா? "தப்பு அந்தம்மா மேல இல்ல. அவங்க சுவிட்ச அணைச்சிட்டுத்தான் போனாங்க. நான் விசாரிக்காம பேசிட்டேன்" என்றார். என்ன? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? அய்யா, மன்னிக்க வேண்டும், அன்று உங்கள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. இன்னும் ஒரு முறை, கொஞ்சம் பலமாக.

இப்போது கேட்டதா? கேட்டது. கதவோரம் நிற்கிறவர்களுக்கும் கேட்டது. இப்போது தட்டுங்கள். கை சிவக்கத் தட்டுங்கள்.

எழுந்து நில்லும்மா. தூணை விட்டு இந்தப் பக்கம் வா, எல்லாரும் உன் முகத்தைப் பார்க்கட்டும். நாளைக்குக் காலையில வேலைக்கு வரியா? தலையை ஆட்டுகிறாள். அழுதுகொண்டே ஆட்டுகிறாள், இருந்தாலும் ஆட்டுகிறாள்.

அவ்வளவுதான், என் பேச்சு முடிந்தது. பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், மிஷினை நிறுத்திய தோழியருக்கும், வாய் திறக்காமலே வென்று தந்த வயர்மேனுக்கும், எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் திருத்திய முதலாளிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. சங்கத்துக்கும் சபைக்கும் வணக்கம். வாடி, வீட்டுக்குப் போகலாம்.