ஸ்கிரீன் வைத்த டப்பாவும் மூன்று பந்தியும்

முன் சீட்டில் இருந்த இரண்டு கல்யாண போட்டோகிராபர்களும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பிவிட்டேன். ஆபீசில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, நேற்று திருவொற்றியூரில் இவர்கள் படம் எடுத்த கல்யாணத்தில் விருந்து சாப்பிட்டவன் வேறென்ன நம்புவான்? இன்று எர்ணாவூரில் பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

“கார்டுல கீற படத்த இறக்கி வெக்கிற டப்பா வாங்குனா, ஸ்கிரீன் வெச்சதா வாங்கணும் மாமு. அங்கியே பாத்துக்கலாம்,” என்றார் தாடிக்காரர்.

“ஸ்கிரீன் இன்னாத்துக்கு? வெறும் டப்பா போதும்,” என்றார் தொப்பைக்காரர்.

“நேத்து இரவல் வாங்கினு போன டப்பாவுல பொண்ணோட அப்பா பாத்தாரு. ‘யாருப்பா இந்த ஆளு, மூணு பந்தியிலயும் குந்திகினு கீறான்’னு கேட்டாரு.”

டிபன் பையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அந்தப் படம் இந்நேரம் மேனேஜர் மேசைக்கே போயிருக்கும்.

“நீ இன்னா சொன்ன?”

“‘என்கூட வந்த கேமராமேன்’னு சொன்னேன். மொய் எழுதுறத எடுன்னு அனுப்புனா, நீ பாயசம் குடிச்சிகினு கீற. உன் கார்டுல பன்னெண்டு படம்தான் கீது.”

தொப்பைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதான் சொல்றேன், ஸ்கிரீன் இல்லாததே வாங்கு.”

மூன்று பந்தி சாப்பிட்டவர் அவர். நான் இரண்டுதான்.