கால் மீட்டர் அலை

கர்னலின் நினைவுக் கூட்டத்துக்கு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் படைத்தளபதி அவர்களே, கர்னலின் துணைவியார் அவர்களே, அவரோடு கடலிலும் மலையிலும் இறங்கிய சிறப்புப் படை வீரர்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் களத்தில் நின்றவர்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். நான்கு பக்கம் எழுதி, தலைப்பிட்டு, எண் போட்டுக் கொண்டுவந்தேன். வாசலில் ஓர் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாள்களைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்னலின் படையில் ஒரு வழக்கம் இருந்தது. திட்டம் முடிவானதும் ஒருவன் எழுந்து, இதில் என்னென்ன கெட்டுப்போகும் என்று வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கர்னல் பதில் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். பதினாறு வருடம் அந்த ஒருவன் நான். வீரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘ஆனால் சார்’. நான் உள்ளே நுழைந்தாலே, “ஆனால் சார் வந்துட்டாரு, இன்னிக்குச் சாப்பாடு லேட்டுதான்” என்பார்கள்.

“என்னைப் போய் ஏன் சார் இதுக்கு எடுத்தீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இங்க இருக்கற எவனுக்கும் பயப்படத் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தராவது வேணாமா?” என்றார்.

கடத்தப்பட்ட விமானத்தை அவர் மீட்ட கதையை எல்லோரும் சொன்னீர்கள். நாங்கள் ஒத்திகை பார்த்தது எரிபொருள் நிரப்பிய விமானத்தில். நிஜ விமானம் மூன்று நாளாக எரிபொருளைத் தீர்த்துக்கொண்டு நின்றது. பாரம் குறைந்தால் விமானம் உயர்ந்து நிற்குமே, ஏணி எட்டுமா என்று கேட்டேன். கர்னல் சிரிக்கவில்லை. ஏணியை அரையடி நீட்டச் சொன்னார். கதவு திறந்தது. எல்லோரும் உயிரோடு வந்தார்கள். துணிச்சல் என்றால் என்ன? ஒரு பயந்தவன் பேசி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் துணிச்சல்தானே?

ஆனால் எண்ணெய்க் கிணற்று மேடையைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. மரியாதைக்காகத் தவிர்த்தீர்கள். கடல் நடுவே அந்த மேடையில் ஒன்பது தொழிலாளர்களை ஆயுததாரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் நான்கு படகுகள் போயின. இருநூறு மீட்டர் தூரத்தில் கர்னல் படகுகளைத் திருப்பினார். இரண்டு நாள் கழித்து ஒன்பது பேரில் இருவரைக் கொன்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் ‘திரும்பி வந்த கர்னல்’. பதவி உயர்வு வரவில்லை. விசாரணை அறிக்கையில் ‘தலைவர் தயங்கினார்’ என்று எழுதினார்கள். அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை.

கொல்லப்பட்ட இருவரில் ஒருவருடைய மனைவிதான் வாசலில் என்னைக் கேட்டவர். “அவ்வளவு கிட்ட போயிட்டு ஏங்க திரும்பினாங்க? உங்களுக்காவது தெரியுமா?” என்றார். “உள்ளே போய் உட்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடமாக நகர்ந்துகொண்டேதான் இருக்கிறேன்.

என்னென்ன கெட்டுப்போகும் என்று அன்று நான் எழுதி வாசித்த பட்டியலில் பதினேழாவது வரி இது. மேடையின் இரும்புக் கால்களுக்கு அருகே அலை இவ்வளவு உயரத்துக்கு மேல் போனால் படகு மோதி நொறுங்கும், திரும்பிவிட வேண்டும். முதலில் இரண்டு மீட்டர் என்று எழுதினேன். கணக்கு அப்படித்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. அடித்துவிட்டு ஒன்றரை என்று எழுதினேன். அன்று விடியலில் அலை ஒன்றே முக்கால் மீட்டர். போயிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்களா, படகுகளில் இருந்த இருபது பேரும் செத்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் தெரியவில்லை.

போன மாதம் மருத்துவமனையில் கர்னலிடம் இதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

“தெரியும்யா. ரெண்டுன்னு எழுதி அடிச்சிருந்தீங்க. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“அப்பவே ஏன் சார் கேக்கல?”

“பயப்படறதுக்குன்னே உங்களை வச்சுக்கிட்டு, எவ்வளவு பயப்படணும்னு நான் சொல்லவா? கையெழுத்து என்னுது. விடுங்க.”

அவர் விடச் சொன்னார். அவர் சொல்லை நான் மீறுவது இதுதான் முதல் முறை.

படைப் பள்ளியில் இன்றும் அந்த விசாரணை அறிக்கையைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை தளபதி அவர்களின் அலுவலகத்துக்கு வருகிறேன். பதினேழாவது வரியை எழுதியவன் யார், எந்த எண்ணை அடித்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். ‘தயங்கினார்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். கர்னல் விட்டுப்போன வேலையில் என் கைக்கு எட்டுவது இவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் இருக்கும் அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தக் கால் மீட்டர் என்னுடையது. இன்னும் கேட்க இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலில் அதே இடத்தில் நிற்கிறேன். இந்த முறை நகர மாட்டேன்.