நடு பெடல்

மேடு ஏறும்போது பின்பக்கமாகப் போகிற காரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள் சார். நூறு வருடத்துக்கு முன்னால் அதைச் செய்தவர்கள் பெட்ரோலுக்குப் பம்ப் வைக்கவில்லை. டேங்க் சீட்டுக்கு அடியில். அங்கிருந்து பெட்ரோல் தானாக இறங்கித்தான் எஞ்சினுக்குப் போகவேண்டும். போடிமெட்டு மாதிரி ஏற்றத்தில் எஞ்சின் மேலே போய்விடும், பெட்ரோல் எட்டாது. திருப்பிப் போட்டு ரிவர்ஸில் விட்டால் ஜம்மென்று ஏறும். மூளையுள்ளவர்கள்.

ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த அந்தக் காரைப் போடியில் என் பட்டறைக்கு இழுத்துவந்து, வருடக்கணக்கில் ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்தேன். என் தங்கை புருஷன் தங்கபாண்டி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். வரும்போதெல்லாம் கிண்டல்.

"பொணத்துக்குப் பொட்டு வைக்கிறீக மச்சான். ஜீப்பு எஞ்சினத் தூக்கி வச்சா முன்னாடி பாத்து ஏறும்ல?"

அதற்காக அவனைக் கொன்றேன் என்று எழுதிவிடாதீர்கள். என் தங்கை கற்பகத்துக்காகத்தான் கொன்றேன். அவன் அவளை அடிப்பான். ஒருமுறை பல் விழுந்தது, ஒருமுறை காது கேட்காமல் போனது. சிலமலையிலிருந்து அழுதுகொண்டே என் வீட்டுக்கு வருவாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி நானே பஸ் ஏற்றிவிடுவேன். ஓர் அண்ணன் வேறென்ன செய்யமுடியும்?

ஆயுதபூஜையன்று கார் முதன்முதலாகக் கிளம்பத் தயாராக நின்றது. எங்கள் பக்கம் முதல் மரியாதை வீட்டு மாப்பிள்ளைக்கு. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் அந்தக் காரைக் கிளப்பவேண்டும்.

"நீங்கதான் சுத்தணும் மாப்ளே" என்றேன்.

மரியாதை என்றால் அவன் விடமாட்டான். மாலையோடு வந்து, பட்டறையின் கருங்கல் சுவருக்கும் காருக்கும் நடுவில் குனிந்தான். நான் சீட்டில் இருந்தேன்.

எஞ்சின் பிடித்தது. அவன் நிமிர்வதற்குள் கை லிவரை முன்னால் தள்ளினேன். பிரேக் விடுவதும் கியர் விழுவதும் அந்த ஒரே லிவர்தான். கார் பாய்ந்து அவனை இடுப்போடு சேர்த்துச் சுவரில் நசுக்கியது. எலும்பு உடைகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தத்தைவிடச் சின்னதுதான். இடது பெடலைப் பாதி மிதித்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டேன். பட்டறைத் தளம் சரிவு, அதனால் கார் அவன்மேல் சாய்ந்தே நின்றது.

"மச்சான், பின்னால எடுங்க... வெரசா எடுங்க..."

அப்புறம் வாயில் ரத்தம் வந்துவிட்டது, பேச்சு புரியவில்லை. ரிவர்ஸுக்கு நடு பெடல். என் வலது கால் அதன்மேல்தான் இருந்தது. மிதிக்கவில்லை. அவன் தலை எஞ்சின் மூடிமேல் சாயும்வரை எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விக்கல் இல்லை, சீராக ஓடியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன் சார்.

தங்கைக்காகச் செய்தேன். எந்தக் கோர்ட்டிலும் இதையே சொல்வேன்.

அதே கார்தானே கற்பகத்தையும் கொன்றது என்று கேட்கிறீர்கள். ஆமாம். அவளும் அப்போது முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்திருந்தாள். லிவரைத் தள்ளும்போதே பார்த்தேன். எஞ்சின் அப்போதுதான் பிடித்திருந்தது, சார். அவள் எழும்வரை காத்திருந்தால் அணைந்துபோயிருக்கும்.